மாற்றி வைத்த பாட்டில்

கதிர்,

இதை உன்னிடம் போனிலேயே சொல்லிவிடலாம் என்று நாலு நாளாக முயன்று பார்த்தேன். நீ எடுத்ததும் "சாப்டியா கண்ணு" என்பேன், நீ "ஆச்சும்மா" என்பாய். அப்புறம் உன் அப்பாவின் முழங்கால் வலி, தண்ணீர் மோட்டார் ரிப்பேர், எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாணம் என்று ஊர்க்கதையெல்லாம் பேசி வைத்துவிடுவேன். முப்பது வருடம் லேபில் நின்று, எத்தனையோ பேரிடம் உனக்குச் சர்க்கரை இருக்கிறது, உனக்குக் காமாலை இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நான். பெற்ற பிள்ளையிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த மாதக் கடைசியில் மெடிக்கல் காலேஜ் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் சேரப்போவதாகச் சொன்னாய். அதை எழுதுவதற்கு முன்னால் இதைப் படி. படித்து முடித்ததும் உங்கள் ஆராய்ச்சியை நடத்துகிற புரொபசர் அம்மாவிடம் அப்படியே கொடுத்துவிடு. அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் நல்ல கையெழுத்தில் எழுதுகிறேன்.

காணும் பொங்கல் அன்று மத்தியானம் இலை போட்டு உட்கார்ந்ததும் உன் அப்பா சும்மா இருக்காமல், "ஆராய்ச்சி எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டுவிட்டார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவன் நீ. முகம் தொங்கிப்போயிற்று. சர்க்கரையும் கிடையாது, பிரஷரும் கிடையாது, குடிப்பழக்கமும் கிடையாது, ஆனாலும் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் ஏன் சத்தமில்லாமல் கெட்டுப்போகிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று வருடமாக நீயும் உன் கூட்டாளிகளும் ஊர் ஊராக அலைகிறீர்கள். முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுப்பீர்கள். மறுநாள் விடிந்ததும் முதல் சிறுநீரைப் பிடித்து வைத்தால், வந்து ஐஸ் பெட்டியில் எடுத்துப் போவீர்கள். அதில் புரதம் தெரிந்தவர்களை மட்டும் கூப்பிட்டு ரத்தம் எடுப்பீர்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, காடாம்புலியூரில் உன் சேகர் மாமா தெருவில் எடுத்த பாட்டில்களில் ஒன்பது, எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஒன்றுபோலவே வந்திருந்தது என்பது. "ஒரே ஆளு ஒன்பது பேராப் பொறந்த மாதிரி இருக்குப்பா" என்று சொன்னாய். அந்த ஊரையே ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடலாம் என்று காலேஜ் மீட்டிங்கில் பேசியதையும் சொன்னாய். பிறகு, "என் தப்புதாம்மா. லேபிள எங்கயோ கொழப்பிட்டேன். எனக்கு இந்த வேல சரிப்படாது" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டாய். பாயசம் அப்படியே இலையில் இருந்தது.

நீ லேபிளைக் குழப்பவில்லை. "ஒன்பது பேர்" என்று நீ சொன்ன அந்த நிமிஷமே எனக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்று உன் அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னைக் குற்றவாளியாக பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. நீ உன் எம்.டி. ஆராய்ச்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எனக்கு நன்றி எழுதியிருக்கிறாய். ஒரு ரிசல்ட்டைக்கூட மாற்றி எழுதாத அம்மாவிடம்தான் நான் முதலில் அறிவியல் கற்றேன் என்று எழுதியிருக்கிறாய். அதை உன் அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அடக்கம் இல்லை.

நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்த வருடம். டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே நான் வேலை பார்த்த அந்தச் சின்ன லேபுக்கு, நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்டில் வேலை செய்கிறவர்கள் கும்பல் கும்பலாக மெடிக்கலுக்கு வருவார்கள். உடம்பு சரியாக இருக்கிறது என்று காகிதம் கொடுத்தால்தான் கான்ட்ராக்டர் அவர்களுக்கு கேட் பாஸ் புதுப்பிப்பார். அந்தக் கும்பலில் என் தம்பி சேகரும் ஒருத்தன். அவன் பாட்டில் வந்ததும் எல்லாருடையதையும் போல டெஸ்ட் டியூபில் ஊற்றி, மேல் பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் சுடவைத்தேன். ஆரோக்கியமாக இருந்தால் கொதித்தாலும் தெளிவாகவே இருக்கும். அவனுடையது கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்தது. அசிட்டிக் ஆசிட் இரண்டு சொட்டு விட்டேன், கலங்கல் கரையவில்லை. சிறுநீரில் புரதம் கொட்டுகிறது என்று அர்த்தம். முப்பத்திரண்டு வயது, கல்லு மாதிரி உடம்பு.  நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்கிறான். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். "அக்கா, பாஸு வராட்டி நான் பர்மனென்ட் ஆவறது எப்பக்கா? ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு எங்க போறது?" என்று மெதுவாகக் கேட்டான்.  ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். வந்து அவன் பெயரை அதில் எழுதி ஒட்டினேன். ரிப்போர்ட்டில் ஆல்புமின் என்கிற அந்தப் புரதம் இல்லை என்று என் கையாலேயே எழுதினேன்.

அன்றைக்கே அவனிடம், கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போடா என்று கண்டித்துத்தான் அனுப்பினேன். முந்திரிப் பருவம் முடியட்டும் என்றான். முந்திரி முடிந்து பலா வந்தது, பலா முடிந்து மழை வந்தது. அடுத்த வருடம் மெடிக்கலுக்கு வந்தபோது அவன் பாட்டில் பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தது. அப்படிக் கலங்கியது தானாகத் தெளியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. என் கை படாமல் நடந்துவிட்டதே என்று ஒரு நிம்மதி. முதல் வருடம் மாற்றி வைத்ததை விட, அதற்கப்புறம் வாய் திறக்காமல் இருந்த வருடங்கள்தான் என்னை இப்போது குத்துகின்றன. அவன் வழியைப் பார்த்து அந்தத் தெருவே கற்றுக்கொண்டது. ஆம்பளைகள் மெடிக்கலுக்குப் போகிற அன்று பொம்பளைகள் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பது அங்கே பழக்கமாகிவிட்டது. டிபன் பாக்ஸ் கட்டுகிற மாதிரி கட்டிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

நீ கிளம்பிய மறுநாளே நான் பழைய லேபுக்குப் போய், இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒரு ஸ்பிரிட் விளக்கும் நாலு டெஸ்ட் டியூபும் கடன் வாங்கினேன். "எதுக்கு மேடம்?" என்றாள். "சொந்தக்காரங்கள மெரட்டறதுக்கு" என்றேன். பண்ருட்டி பஸ் ஏறிக் காடாம்புலியூரில் இறங்கி நடந்தேன். சேகருக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட், அதனால் காலையில் வீட்டில்தான் இருந்தான். அவன் பெண்டாட்டி அஞ்சலை அப்போதுதான் முந்திரிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்து, மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை. நேரே கேட்டேன்.

"கதிரு குடுத்த பாட்டில்ல ஊத்துனது ஒன்னோடதாடா?"

அவன் ஒளிக்கவில்லை. "இல்லக்கா. அஞ்சலையோடது. எனக்கு மட்டும் இல்ல, தெருவுல எட்டு பேருக்கும் அதான் குடுத்துச்சு."

"ஒம் மருமவன் காலேஜ்லேர்ந்து வந்ததுடா அது. கான்ட்ராக்டரு மெடிக்கலா?"

"கதிரு வந்தது தெரியும்க்கா. ஆனா பாட்டில யாரு கொண்டாந்து குடுத்தாங்க? கான்ட்ராக்டரோட மேஸ்திரி. பேரு லிஸ்ட்டு யாரு குடுத்தாங்க? அதே மேஸ்திரி. அப்ப ரிசல்ட்டு மட்டும் யாருக்குப் போவும்னு நெனைப்போம்? நீயே சொல்லு."

கதிர், இதை நீ யோசிக்கவே இல்லை, இல்லையா? எனக்குத் தெரியும் நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று. ஊர் பெரிது, ஆள் கொஞ்சம், நாள் அதைவிடக் கொஞ்சம். மேஸ்திரியிடம் வருகைப் பட்டியல் இருக்கிறது, எல்லாருடைய வீடும் அவருக்குத் தெரியும், ஒரே சாயங்காலத்தில் விநியோகம் முடிந்துவிடும். நல்ல மனுஷர்தான் அவர். உனக்கு உதவிதான் செய்தார். ஆனால் அவர் கையிலிருந்து வருகிற பாட்டிலைப் பார்த்தால் அந்த மக்களுக்கு கேட் பாஸ்தான் ஞாபகம் வரும். உன் வெள்ளைக் கோட்டும் சிரிப்பும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. நீ அவர்களுக்குச் சொந்தக்காரன் என்பதுகூட அங்கே எடுபடவில்லை. லேபிளில் தப்புச் செய்யவில்லை என்று சொன்னேன், உண்மைதான். தப்பே செய்யவில்லை என்று சொல்லவில்லை.

நான் அதோடு விட்டிருப்பேன். சேகர்தான், "மொதல்ல வழி காட்டுனதே நீதானக்கா" என்று ஒரு வார்த்தையை விட்டான். அஞ்சலை திரும்பிப் பார்த்தாள். "இன்னா வழி அண்ணி?" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வெயிலில் வேலை செய்தால் சூடு ஏறும், அந்த நேரத்தில் எடுத்தால் மெடிக்கலில் தப்பாகக் காட்டும் என்று இவன் சொல்லியிருக்கிறான், அவளும் நம்பி வருடா வருடம் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், டெஸ்ட் டியூப், பாத்ரூம், என் கையெழுத்து, எதையும் விடவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "பதினாலு வருசமா ஒங்களுக்குத் தெரியுமா? இந்த மனுசங்கூட குடும்பம் பண்ணிகினு இருக்கேன், எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? காலு வீங்கிக்கீதுன்னு நான் வெளக்கெண்ண தடவிக்கினு இருக்கேன். நீங்க தீவாளிக்கு வந்து சோறு துன்னுட்டுப் போறீங்க" என்றாள். என்னைப் பார்த்து யாரும் அப்படிப் பேசியதில்லை. அவள் பேசியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

பிறகு சேகரே ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு ஆட்கள் மூன்று நாலு பேர் வந்துவிட்டார்கள், அந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் அதில் உண்டு. நான் விளக்கைப் பற்றவைத்து எல்லார் எதிரிலும் டியூபைச் சாய்த்துப் பிடித்தேன். வெளுத்தது. நான் அன்றைக்குப் பார்த்ததைவிடக் கெட்டியாக வெளுத்தது. "அதிகமாயிருக்கா, கொறஞ்சிருக்கா?" என்று சேகர் கேட்டான். அந்தக் காலமாக இருந்தால் ஏதாவது ஒரு சமாதானம் சொல்லியிருப்பேன். "இத வெச்சு என்னால சொல்ல முடியாதுடா, ரத்தம் பாக்கணும்" என்றேன். அப்படிச் சொன்னதற்கு உன் புரொபசர் அம்மாதான் காரணம்.

போன வருடம் அவர்கள் உன்னோடு அந்த ஊருக்கு வந்திருந்தபோது நானும் வேடிக்கை பார்க்க வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய டாக்டர், கார் ஏசியை விட்டு இறங்க மாட்டார் என்று நினைத்தேன். அவர்கள் போர்வெல் பக்கத்தில் கிடந்த சிமெண்ட் குழாய்மேல் உட்கார்ந்து, வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் ஒவ்வொருத்தரையும் எடை மெஷினில் ஏற்றி இறக்கி, எவ்வளவு தண்ணீர் வியர்வையாகப் போயிற்று என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். முந்திரிக் கிளையில் வெயில் அளக்கிற கருவியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், காலி மருந்து டப்பாவின் படம், உடம்புவலிக்குக் கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரை அட்டை, எதையும் விடவில்லை. ஒருத்தர் கேட்டார், "இது எதனாலங்க வருது?" என்று. அவர்கள் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்களுக்கு இன்னும் தெரியாதுங்க. வெயிலா இருக்கலாம், தண்ணி போதாம இருக்கலாம், மருந்தா இருக்கலாம், எல்லாம் சேந்தும் இருக்கலாம். தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கோம்" என்றார்கள். இவ்வளவு படித்தவர் ஊர் நடுவில் உட்கார்ந்து தெரியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் லேபில் தெரியாது என்பது கெட்ட வார்த்தை. அன்று ராத்திரி உன் அப்பாவிடம், நம் பிள்ளை நல்ல இடத்தில்தான் சேர்ந்திருக்கிறான் என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சேகரைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அஞ்சலையும் வந்தாள், பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். ரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, மறுநாள் திரும்பப் போனோம். சிறுநீரகம் பாதிக்குமேல் வேலை செய்யவில்லை. அதைக் கேட்டதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்த இளம் டாக்டர் என்னைப் பார்த்து, "அம்மா, மீதி இருக்கிறத சொல்றேன், கேளுங்க" என்றார். டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை, இனிமேல் வலி மாத்திரையைத் தொடக்கூடாது, வெயில் நேரத்து வேலையை மாற்ற வேண்டும், மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு மாதாமாதம் வந்தால் பல வருடம் இப்படியே தள்ள முடியும், இப்போதாவது வந்தீர்களே என்றார். சேகர் மேஸ்திரியிடம் தானே போய்ச் சொல்லிவிட்டான். பாஸ் போய்விடும் என்று பதினாலு வருடம் பயந்தவன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, ஸ்டோர் ரூமில் நிழல் வேலை ஒன்றுக்குக் கான்ட்ராக்டரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். கிடைக்குமோ கிடைக்காதோ, தெரியாது. இந்தக் கடிதத்தில் தன் பெயரை எழுதலாம் என்று சொன்னதும் சேகர்தான். "எழுதுக்கா, மருமவன் வேல போவக்கூடாது" என்றான்.

இனி உன் விஷயம். உனக்கு இந்த வேலை சரிப்படாது என்று சொன்னாயே, அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. நாம் மைன்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தபோது உன் அப்பாவுக்கு விடாமல் இருமல். மைன்ஸ் தூசி என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன், தெருவே சொன்னது. நீ ஏழாம் வகுப்பு. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அவர் எத்தனை தடவை இருமுகிறார் என்று தினமும் கோடு போட ஆரம்பித்தாய். மனுஷனை நிம்மதியாக இருமக்கூட விடமாட்டேன் என்கிறானே என்று அவர் திட்டினார். மூன்று வாரம் கழித்து, லீவு நாளில்தான் அப்பாவுக்கு இருமல் அதிகம், டூட்டிக்குப் போகிற நாளில் கம்மி என்று கொண்டுவந்து காட்டினாய். கடைசியில் பார்த்தால் லீவு நாளில் பகல் தூக்கத்துக்கும் கட்டிலுக்குக் கீழே அவரே ஏற்றி வைக்கிற கொசுவத்திச் சுருள். அதை நிறுத்திக் கொசுவலை கட்டினோம், இருமல் பாதியாகக் குறைந்தது. எல்லாருக்கும் தெரிந்த பதிலை நம்பாமல் காலண்டரில் கோடு போட்டவன் நீ. உனக்குச் சரிப்படாத வேலையா இது?

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் ஊர்ப்பக்கம் யானைக்கால் நோய் அதிகம். வீட்டுக்கு வீடு வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அவர்களைக் கண்டாலே என் அப்பா பின்வாசல் வழியாகச் சோளக் கொல்லைக்குள் ஓடிவிடுவார். என் அம்மா, அவர் ஊரில் இல்லை என்று கூசாமல் பொய் சொல்வாள். அந்த ஆட்கள் கோபித்துக்கொண்டதே இல்லை. அடுத்த தடவையும் வருவார்கள், சிரித்துக்கொண்டே அதே கேள்வியைக் கேட்பார்கள். இப்போது எங்கள் தெருவில் அப்படி வீங்கின காலோடு ஒரு சின்ன வயசுக்காரரையும் காட்ட முடியாது. ஒளிந்துகொண்டவர்களையும் பொய் சொன்னவர்களையும் வைத்துக்கொண்டேதான் யாரோ அந்த வேலையை முடித்திருக்கிறார்கள். மாற்றி ஊற்றுகிற குடும்பத்தில் பிறந்திருக்கிறாய் நீ, அதனால் மற்ற டாக்டர்களைவிட உனக்கு ஒரு படி கூடவே தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது இதுதான். அந்த ஒன்பது ரிசல்ட்டையும் கிழித்துப் போடாதே, ஊரையும் விடாதே. என்ன நடந்தது, ஏன் நடந்தது, பாட்டில் யார் கையால் போனது என்று அப்படியே உன் புரொபசர் அம்மாவிடம் சொல். திட்டுவார்கள், வாங்கிக்கொள். தெளிவாக இருக்கிறது என்று நீங்கள் எழுதி வைத்த தெருவில்தான் நோய் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? இதேபோல வேறு எந்த ஊரில் மேஸ்திரி கையால் பாட்டில் போனதோ, அங்கெல்லாம் இன்னொரு தடவை போக வேண்டியிருக்கும். வேலை இரட்டிப்பாகும். அதற்கப்புறமும் சென்னைக்குத்தான் போகிறேன் என்றால் போ, நான் தடுக்கமாட்டேன். உண்மை தெரிந்து போவது வேறு, உன்மேல் இல்லாத பழியைச் சுமந்துகொண்டு போவது வேறு. அந்த நன்றிப் பக்கத்தை மட்டும் அடுத்த புத்தகத்தில் திருத்தி எழுது. நான் கேட்பது அது ஒன்றுதான்.

தெருக்காரர்கள் ஒன்பது பேரும் வருகிற சனிக்கிழமை தங்கள் சொந்தச் சிறுநீரைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். சேகர்தான் வீடு வீடாகப் போய்ப் பேசினான். தன் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். பாட்டிலை நீயே கையில் கொடுக்க வேண்டும், ரிசல்ட்டைச் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகத்தான் சொல்ல வேண்டும், கான்ட்ராக்டர் பக்கம் ஒரு காகிதமும் போகக்கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

நேற்று சாயங்காலம் அஞ்சலை போன் செய்தாள். அன்றைக்கு அப்புறம் அவளாக என்னிடம் பேசுவது இதுதான் முதல் தடவை. சேகர் மாத்திரை போட்டானா என்று நான் ஆரம்பித்தேன், அவள் அதற்குப் பதில் சொல்லாமல், "அண்ணி, சனிக்கெழம அந்த லிஸ்ட்டுல யாரு யாரு பேரு இருக்கு?" என்றாள். மேஸ்திரி கொடுத்த வருகைப் பட்டியல்தான், கான்ட்ராக்டில் வேலை செய்கிற ஆம்பளைகள் பெயர் என்றேன்.  அதற்கு அவள் கேட்டது இது:

"நானும் அதே வெயில்லதான் மருந்தடிச்சிகினு இருக்கேன். ஒதுங்க எடமில்லன்னு பொழுதுக்கும் தண்ணி குடிக்காமதான் நாங்க பொம்பளைங்க வேல செய்யறோம். ஒன்பது பேரு பேர்ல என்னுதுதான் காலேஜிக்குப் போச்சு. எம் பேர்ல ஒரு பாட்டிலு ஏன் அண்ணி வரல?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். சனிக்கிழமை கதிர் வருவான், அவனையே கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா